பிரித்துவிட்ட பக்கத் தையல்

அக்கா,

உன் மகளின் ரவிக்கை ஒன்று என் மெஷின் மேல் கிடக்கிறது. மாம்பழ மஞ்சள் நிறம், கையில் மெல்லிய ஜரிகை. இடப்பக்கத் தையலைப் பாதி பிரித்திருக்கிறேன். மீதியைப் பிரிக்கக் கை வரவில்லை. ஆடியில் நம் குப்பத்து அம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது ஊரப்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள். திரும்பிப் போகிற அவசரத்தில் இதை என் மடியில் போட்டு, "சித்தி, இத்த கொஞ்சம் பிரிச்சு வுடு. மார் இறுக்குது" என்றாள். நானும் வழக்கம்போலத் தலையாட்டினேன். மறுநாள் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து நாலைந்து தையலை அறுத்த பிறகுதான் அவள் சொன்னது எனக்கு உறைத்தது. அது நீ சொன்ன வார்த்தை. நீ சொன்ன மாதிரியே, துணியின் மேல்தான் குற்றம் என்பதுபோல் சொல்லியிருந்தாள்.

நீ போய் மூன்று வருஷமாகிறது. உன் பேச்சை யாராவது எடுத்தால் நான் ஏதாவது வேலையைச் சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவேன். ஓரகத்தி செத்ததற்கு இத்தனை துக்கமா என்று ஊரில் மெச்சிக்கொள்கிறார்கள். துக்கமும்தான். ஆனால் என்னை அங்கே உட்காரவிடாமல் எழுப்புவது வெட்கம். அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்த இரண்டு பேர் நாம். மாமியார் நம் இருவரையும் சேர்த்துத் திட்டியதில்தான் நமக்குள் ஒட்டிக்கொண்டது. வீடு இரண்டான பிறகும் நீ மீன் விற்றுவிட்டு வந்தால் உன் வீட்டுக்கு முன்னால் என் வீட்டுக்குத்தான் வருவாய். கையைக் கழுவாமல் என் துணிகளைத் தொடாதே என்று நான் கத்துவேன்; நீ வேண்டுமென்றே விரலை நீட்டிக்கொண்டு வருவாய்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ரவிக்கை தைக்கும்போது பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்போம். இன்றைக்குத் தைத்தது நாளைக்கும் ஆகவேண்டுமே. பெண் உடம்பு என்றால் பெருக்கத்தான் செய்யும் என்பது எங்கள் கணக்கு. அதனால் ஒருத்தி வந்து இறுக்குகிறது என்றால் ஏன் என்று கேட்க மாட்டோம். எந்த இடத்தில் என்று மட்டும்தான் கேட்போம்.

உன்னிடமும் அப்படித்தான் கேட்டேன். திருக்கழுக்குன்றத்துச் சந்தையிலிருந்து வந்து, காலிக் கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு, ரவிக்கை இறுக்குகிறது என்றாய். அக்குள் பக்கமா, முதுகுப் பக்கமா என்றேன். நீ நெஞ்சு நடுவில் கையை வைத்து, "இங்கதான். துணிய முறுக்கி கட்ன மாதிரி கீது" என்றாய். நான் உன் கை இருந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. விற்காத மீனையெல்லாம் நீயே வறுத்துத் தின்றால் எந்த ரவிக்கைதான் தாங்கும் என்று கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய். அந்தச் சாயங்காலமே உன் ரவிக்கைகளை எல்லாம் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியில் பாதியை வெளியே விட்டுத் தைத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தாய். மிச்சமிருந்த துணியையும் விட்டேன். அதற்குப் பிறகும் இறுக்குகிறது என்றாய். ஒருமுறை டேப்பை எடுத்து அளந்துகூடப் பார்த்தேன், அக்கா. பழைய அளவுதான் இருந்தது. ஒரு நூல்கூடக் கூடவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? டேப் நாள்பட்டு இழுத்துப்போய்விட்டது என்று முடிவு கட்டி, கடைக்குப் போய்ப் புது டேப் வாங்கிவந்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. அப்படியும் உன் உடம்புக்கு ஏதாவதோ என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. இரண்டு பக்கமும் அதே நிறத்தில் பட்டை வைத்துத் தைத்து, இனிமேல் இறுக்குகிறது என்று வந்தால் பாவாடையைத்தான் ரவிக்கையாக மாட்டவேண்டும் என்றேன். எனக்கு எப்போதும் வாய் நீளம்.

உன் வாயும் குட்டையில்லை என்றுதான் ஊரில் பெயர். கடற்கரையில் ஏலம் எடுத்த மீனைத் தலையில் வைத்துக்கொண்டு மணல்மேட்டிலிருந்து தெருவுக்கு ஏறி வரும்போது, வீட்டுக்கு வீடு நின்று பேசுவாய். ஒருத்தியிடம் மருமகள் மாசமா என்று விசாரிப்பாய். அடுத்தவளிடம் குழம்புக்கு என்ன மீன் என்று கேட்பாய். அப்புறம் மூலை வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம். முன்னெல்லாம் கூடையோடு குடுகுடுவென்று ஓடுவாயே, இப்போது என்ன ஊர்வம்பு இவ்வளவு ருசிக்கிறது என்று நான் கேட்டேன். "நாலு பேர்ட்ட பேசினாதான்மே மன்சு லேசா ஆவுது" என்றாய். நம்பிவிட்டேன். அந்த ஏற்றத்தில் உனக்கு மூச்சு பிடித்தது என்றும், நின்றால் விட்டுவிட்டது என்றும், சும்மா நின்றால் யாராவது கேட்பார்கள் என்றுதான் பேச்சை எடுத்தாய் என்றும் எனக்கு இப்போது தெரிகிறது. உழைக்கிற பெண் நடுத்தெருவில் மூச்சு வாங்கி நிற்பது நமக்கு மானக்கேடு. வம்புக்காரி என்று பெயர் வாங்கினாலும் வாங்குவோம், முடியாதவள் என்று வாங்க மாட்டோம்.

அந்த மருத்துவ முகாம் நினைவிருக்கிறதா? ஈசிஆர் ரோடு ஓரத்துக் கல்யாண மண்டபத்தில் போட்டார்கள். சும்மாதானே பார்க்கிறார்கள் என்று நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு புண்ணியத்தையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா உனக்குக் கெட்ட கொழுப்பு அதிகம் என்றாள். மீன் தின்கிறவர்களுக்கு ஏது கொழுப்பு, அதெல்லாம் ஆட்டுக்கறி தின்கிறவர்களுக்குத்தானே என்று நீ அவளோடு வாதம் பண்ணினாய். தின்பதால் மட்டும் வருவதில்லை, சிலருக்குக் குடும்பத்தோடு ரத்தத்திலேயே வரும் என்று அவள் பொறுமையாகச் சொல்லி, ஒரு ஈசிஜி எடுத்துவிட்டுப் போகும்படி திரைக்குப் பின்னால் அனுப்பினாள். நீ போன வேகத்தில் திரும்பி வந்தாய். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ரவிக்கைய கழட்ட சொல்றான்மே. எம் புள்ள வயசு இருக்கும்."

நாம் இரண்டு பேரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தோம். சிரித்துக்கொண்டே மண்டபத்தை விட்டு வெளியே வந்து, வழியில் நின்று இறால் வடை தின்றோம். ஊரில் பாதிப் பெண்களின் மாரில் டேப்பைச் சுற்றுகிறவள் நான். ஒருத்தியைக் கூச்சமில்லாமல் நிற்கவைப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா? உள்ளே வந்து உன் பக்கத்தில் நின்று, நான் இருக்கிறேன் அக்கா, கழற்று என்று சொல்லியிருந்தால் நீ கழற்றியிருப்பாய். எனக்கும் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்று வேறு வெட்கமாகி என்னோடு உட்கார்ந்திருக்கிறது.

அன்று காலையும் நீ மூலை வீட்டுச் சுவரில்தான் சாய்ந்து உட்கார்ந்தாயாம். அந்த வீட்டுக்காரி அடுப்படியில் இருந்தபடியே உன்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். தன் மகனுக்குப் பார்த்த பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். பதில் வரவில்லையே என்று எட்டிப்பார்த்தபோது உன் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. நெடுநாள் வரைக்கும் அவள், செத்தவளோடா பேசிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவளைத் தேற்றப் போனவர்களில் நானும் ஒருத்தி.

உன்னைக் குளிப்பாட்டிய பெண்கள் நல்ல ரவிக்கையாக ஒன்று கேட்டார்கள். உன் பெட்டியில் மேலாக இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பட்டை வைத்துத் தைத்தது. போட்டுப் பார்த்தால் உன் மேல் அது தொளதொளவென்று கிடந்தது. யார் தைத்தது இவ்வளவு லூசாக என்று ஒருத்தி கேட்டாள். முதுகுப் பக்கம் மடித்துச் சேப்டி பின் குத்திச் சரிபண்ணினார்கள். அந்தப் பின்னை என் தாலிக் கயிற்றிலிருந்து கழற்றிக் கொடுத்தவளும் நான்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. நீ பெருக்கவில்லை. உன் உடம்பில் எதுவும் துணியால் இறுகவில்லை.

வெளியே எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். நோய் நொடி என்று ஒருநாள் படுக்கவில்லை, மருந்து மாத்திரை என்று யாருக்கும் பாரமில்லை என்றார்கள். உன் மகள் என் தோளில் விழுந்து, நேற்றுக்கூட நன்றாகத்தானே பேசினாள் அம்மா, ஒன்றுமே இல்லையே சித்தி என்று கதறினாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒன்றுமே இல்லை என்று அவள் நம்புவது அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று இருந்துவிட்டேன்.

அவளுக்கு நல்லதில்லை என்று இந்த மஞ்சள் ரவிக்கை வந்து சொல்லிற்று. குடும்பத்தோடு ரத்தத்தில் வரும் என்று அன்று அந்த டாக்டரம்மா சொன்னது ஊசி குத்தினாற்போல் நினைவுக்கு வந்தது. உன் கொழுந்தனாரிடம் சொன்னேன். போனவளைப் பற்றிக் கிளறி இருக்கிற பெண்ணை ஏன் பயமுறுத்துகிறாய், நீ ரவிக்கையைப் பிரித்த கதையைக் கேட்டால் அவள் உன் முகத்தில் முழிப்பாளா என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதால் அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. மறுநாள் செங்கல்பட்டுக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலேறி ஊரப்பாக்கம் போனேன்.

என்னை அழைத்துப்போக அவள் ஸ்டேஷனுக்கு வந்தாள். நான் இந்தப் பக்கம் இறங்கி நிற்கிறேன். அவள் அந்தப் பக்கத்திலிருந்து மேம்பாலப் படி ஏறுகிறாள். பாதியில் நின்று பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். போனை உள்ளே வைத்து நாலு படி ஏறினாள். மறுபடி நின்று போனைப் பார்த்தாள். நீ ஊர்க்கதை பேசினாய்; உன் மகள் போனைப் பார்க்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலத்தின் மேலேயே அவளைப் பிடித்துக்கொண்டு, படி ஏறினால்தான் இறுக்குகிறதா என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, உடம்பு போட்டுவிட்டது, துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிற வேலை என்றாள். பிறகு, நின்றால் போய்விடுகிறது சித்தி என்றாள். நாளைக்கே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன். ஏன் என்று கேட்டாள். உன் அம்மா போனதால் எனக்குப் பயம் என்று மட்டும் சொன்னேன். ரவிக்கையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஊரப்பாக்கம் வரைக்கும் ரயிலேறி வந்த வீராங்கனை, அக்கா, அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்ததும் ஒரு பையன்தான். நான் உள்ளே போய் என் முந்தானையைத் திரைபோல விரித்துப் பிடித்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்து, அதெல்லாம் வேணாம் சித்தி, அவருக்கு இது வேலைதானே என்று கொக்கிகளைக் கழற்றினாள். ரத்தமும் எடுத்தார்கள், ஓடும் மெஷினில் நடக்கவிட்டும் பார்த்தார்கள். எல்லா ரிப்போர்ட்டும் வந்து டாக்டர் எதிரில் உட்கார இன்னும் இரண்டு முறை போகவேண்டியிருந்தது.

டாக்டர் நிதானமான மனிதர். கெட்ட கொழுப்பு மிகவும் அதிகம், உடம்புக்குள் அழற்சி இருப்பதாகவும் ரத்தம் காட்டுகிறது என்றார். அது என்ன என்று நான் கேட்டேன். ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிகிறது; முள் குத்திய விரல் சிவந்து வீங்குகிற மாதிரி அந்த இடம் உள்ளுக்குள்ளேயே அழன்றுபோகிறது; வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் அது பிளந்து ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால்தான் தெரியும் என்று விளக்கினார். சிலருக்கு முன்கூட்டியே உடம்பு காட்டும் என்றும், பெண்கள் பலர் அதை வலி என்று சொல்லாமல் இறுக்கம் என்றோ, களைப்பு என்றோ, தாடையும் முதுகும் நோகிறது என்றோ சொல்வார்கள் என்றும் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, அம்மாவுக்கு முன்னாலேயே ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று கேட்டார்.

ஒன்றுமே இல்லை டாக்டர், திடீரென்றுதான் என்றாள் உன் மகள்.

அவர் எழுதப் போனார். பேனா காகிதத்தைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதிவிட்டால் உனக்கு ஒன்றுமே இருக்கவில்லை என்று ஆகிவிடும்.

"இருந்துது சார்" என்றேன். "ஒரு வருசமா மார் இறுக்குதுன்னு சொல்லிகினு இருந்துது. எங்கிட்ட சொல்லிச்சு. நான் ரவிக்கைய பிரிச்சு பிரிச்சு குடுத்தேன்."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. நீ தெருவில் நின்று நின்று வந்தது, முகாமில் கொழுப்பு அதிகம் என்றது, ஈசிஜி எடுக்காமல் சிரித்துக்கொண்டு வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டார். ஐம்பதுகூட நிறையவில்லை என்றேன். அப்படியென்றால் இந்தப் பெண்ணை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும், மாத்திரையை இன்றே தொடங்கிவிடலாம், ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று யாரையும் கேட்காமல் நிறுத்தக்கூடாது, குழாயில் எவ்வளவு அடைப்பு என்று ஸ்கேனும் செய்துபார்ப்போம் என்றார். இப்போதே வந்தது நல்லதாகப் போயிற்று என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மாத்திரைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்தாள். திட்டிவிட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது. மாமல்லபுரம் பஸ் வந்து நின்ற பிறகும் நான் ஏறாமல் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட சொல்லல, எங்கிட்டயும் சொல்லல. உங்கிட்ட மட்டுந்தான் சொல்லிகீது அம்மா."

"சொல்லலடி. ரவிக்கை இறுக்குதுன்னுதான் சொல்லிச்சு" என்றேன்.

"வேற எப்டி சொல்லும், சித்தி?"

அவ்வளவுதான் கேட்டாள். ஆறுதலாகத்தான் கேட்டாள், குரலில் கோபம் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து திருக்கழுக்குன்றம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்திலிருந்தவள் யார் சாவுக்குப் போய்விட்டு வருகிறீர்கள் என்று விசாரித்தாள். என் அக்கா என்றேன்.

அவள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். நான் தினமும் போன் செய்து கேட்பதில் எரிச்சல் படுகிறாள், அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை. இப்போது என்னிடம் எந்தப் பெண் வந்து மார் இறுக்குகிறது என்றாலும், எப்போது இறுக்குகிறது, நடந்தாலா, உட்கார்ந்திருந்தாலுமா என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒருத்தி, தைக்கிறவளுக்கு எதற்கு இந்த விசாரணை என்று துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு ஆளிடம் போய்விட்டாள். போகட்டும். ஒவ்வொரு தடவையும் கேட்பதற்கு முன்னால் எனக்கு முகம் சுடுகிறது, வாய் வறண்டுபோகிறது. கேட்டுவிடுகிறேன். உன்னிடம் ஒரே ஒருமுறை கேட்டிருந்தால் போதும், அக்கா. நீ சொல்லத்தான் வந்திருந்தாய்.